லான் வீட்டு ஊறல்

என் மகள் கலா மலேசியாவில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கால் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் வீடு தங்கமாட்டார். "எம்மா, நீ வந்தாத்தான் ஆவும்" என்று போனில் அழுதாள். சேலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதவள் நான். அறுபத்தெட்டு வயதில் வடக்கனந்தலில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, சென்னையில் ஆகாயத்துக்கு ஏறினேன்.

பயந்தாயா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். பயப்படவில்லை. கச்சிராயப்பாளையத்திலிருந்து மலைக்கு ஏறுகிற பஸ்ஸில், டிரைவர் ஒரு கையால் போன் பேசிக்கொண்டே வளைவு திருப்புவதைப் பார்த்தவளுக்கு விமானத்தில் பயப்பட ஒன்றுமில்லை. அது நேராகத்தான் போகிறது.

இறங்கிய பிறகுதான் மாட்டிக்கொண்டேன். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. எல்லோரும் ஏறினார்கள், நானும் ஏறி உட்கார்ந்தேன். எல்லோரும் இறங்கினார்கள். மகள் வீடு இருக்கும் ஊர் இன்னும் வரவில்லை என்று நான் இறங்கவில்லை. வண்டி வந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று. மறுபடியும் வந்தது. மூன்று நடை போய்வந்தேன். நம் ஊர் பஸ் என்றால் கண்டக்டர், "ஏம்மா, எங்க எறங்கணும்?" என்று அதட்டியிருப்பார். இந்த வண்டியில் கண்டக்டரும் இல்லை, டிரைவரும் இல்லை. கடைசியில் தரை துடைக்கிற ஒரு மலாய்க்கார அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவள் பேசியது மலாய், நான் பேசியது தமிழ். இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

மகள் வீடு ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். வழி முழுக்க எண்ணெய்ப் பனை. ஒவ்வொரு மரமும் கயிறு பிடித்து நட்டதுபோல் வரிசையாக நிற்கிறது. எங்கள் கல்வராயன் மலையில் மரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிற்கும். கடுக்காய் மரத்தின் மேல் பலாக்கிளை சாய்ந்திருக்கும், அதன் கீழே புளியங்கன்று முளைத்திருக்கும். இந்த வரிசையைப் பார்த்துப் பார்த்துக் கண் அசந்து தூங்கிப்போனேன்.

முதல் நாள் காலையில் மாப்பிள்ளை வாழையிலைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பக்கத்தில் பொடி நெத்திலிக் கருவாடு. கருவாட்டுக்குச் சர்க்கரை போட்டு வதக்கியிருந்தார்கள். கருவாட்டுக்கு யாராவது சர்க்கரை போடுவார்களா? "நல்லாருக்குங்களா அத்தை?" என்று கேட்டார். "சோறு நல்லாருக்குங்க" என்றேன். இரண்டாம் நாள் நானே அடுப்பைப் பற்றவைத்தேன். கொண்டுபோன சாமையில் சோறு ஆக்கி, மலைப்புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். படுத்தபடியே மூன்று தட்டு சாப்பிட்டாள் என் மகள்.

மூன்றாம் நாள் காலையில் நான் ஒரு ஜாடியைக் கவிழ்த்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மலையோடைகளில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். வெல்லத்தையும் வெள்வேலம்பட்டையையும் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்க விடுவார்கள். அந்தப் புளித்த தண்ணீர்தான் ஊறல். அதைக் காய்ச்சினால் சாராயம். ஊறல் பேரலை ஓடைக்கரை ஈர மணலில் கழுத்துவரை புதைத்து, மேலே தழை போட்டு மூடி வைப்பார்கள். எங்கள் தெருவில் அந்தச் சாராயத்தால் கண் போனவர்கள் உண்டு. என்கூடப் பிறந்த தம்பி அவர்களில் ஒருவன். இன்றைக்கும் சுவரைத் தடவிக்கொண்டுதான் கொல்லைக்குப் போகிறான்.

அவனுக்குக் கண் போன வருஷம் நாங்கள் பதினோரு பெண்கள் சேர்ந்தோம். எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள். களையெடுப்பு இல்லாத நாளில் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடை ஓடையாக ஏறுவோம். மூக்கால் மோந்து கண்டுபிடிப்போம். மணலில் காது வைத்தால் உள்ளே களகளவென்று கொதிக்கிற சத்தம் கேட்கும். தோண்டிக் கவிழ்த்துவிடுவோம். யாருடையது என்று மட்டும் கேட்கமாட்டோம். கேட்டால் தெரிந்தவன் பெயர் வரும், சொந்தக்காரன் பெயர் வரும், கை தளர்ந்துவிடும். முதலில் கவிழ்ப்பது, பேச்செல்லாம் பிறகு. அதுதான் எங்கள் முறை. ஓடையோரக் கன்னிமார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்திருக்கிறோம். குடிக்கமாட்டோம், விற்கமாட்டோம், ஊறல் போடமாட்டோம்.

ஊறலை மோந்து அதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் பதினோரு பேரில் என் மூக்கை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாம் நாள் காலையில் துணி காயப்போடக் கொல்லைக் கதவைத் திறந்தேன். அங்கே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. பின்பக்கம் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே தகரக் கொட்டகை, நடுவில் சுவர் கிடையாது. கதவைத் திறந்ததுமே வாசனை அடித்தது. ஏழாம் நாள் ஊறல். சந்தேகமே இல்லை. வெல்ல வாசனைதான் இல்லை, அதற்குப் பதில் அரிசி வாசனை இருந்தது. எங்கள் சுவரை ஒட்டி நிழலில் என் தொடை உயரத்துக்கு ஒரு பழுப்பு ஜாடி. வாயில் துணி கட்டி, கழுத்தில் சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தது. ஜாடி பக்கத்தில் மாப்பிள்ளையின் பூட்ஸ்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே ஊறலா? கலா எப்படி விழுந்தாள் என்று அதுவரை நான் கேட்கவே இல்லையே என்று தோன்றிற்று.

"கலா, இன்னாடி இது, உன் வூட்டுக்காரன் பின்னால இன்னா வச்சிக்கினு இருக்கறான்?" என்று கத்தினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. துணியை அவிழ்த்தேன், ஜாடியை அணைத்தேன், சாய்த்தேன். சாக்கடையில் வெள்ளை வெள்ளையாக அரிசி ஓடிற்று.

அந்தச் சத்தம் மட்டும் கலாவுக்குக் கேட்டுவிட்டது. "எம்மா! எம்மா! வாணாம்மா! அது பக்கத்து வூட்டு லான் அக்காவோடது!"

அதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. என் வயசுச் சீனப் பெண்மணி ஒருத்தி வந்து நின்றாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, முழங்கால்வரை கால்சட்டை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாக்கடையில் போகிற அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு ஊத்துனது?" என்று கேட்டாள். தமிழ்! ரப்பர்த் தோட்டத்தில் தமிழர் குடியிருந்த லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளாம்.

"நான்தான்" என்றேன். செய்ததை இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

"ஏன் லா?" அங்கே எல்லோரும் பேச்சுக்குக் கடைசியில் ஒரு 'லா' போடுகிறார்கள்.

"சாராயம்னு நெனச்சேன்."

"சாராயமா? உங்க ஊர்ல சாராயத்துக்குச் செவப்புக் காயிதம் கட்டுவாங்களா?"

ஜாடிக் கழுத்தில் இருந்த காகிதத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன்.

உள்ளே கட்டிலில் இருந்தபடி கலா விவரம் சொன்னாள். லான் ஹக்கா என்கிற சீன வகையைச் சேர்ந்தவள். அவர்களில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் கோழி, இஞ்சி, நல்லெண்ணெய், அதன் தலையில் அரிசி ஒயின் ஊற்றிச் சமைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த ஒயினைப் பெற்றவளின் தாய் தன் வீட்டில் போட வேண்டும். கடையில் வாங்கி ஊற்றினால் நாலு பேர் சிரிப்பார்கள். புளித்துக் காடியாகிவிட்டால் பிள்ளைக்கும் தாய்க்கும் ஆகாது என்பார்கள். ஜாடியில் முப்பது நாள் இருந்தால்தான் அது ஒயின். லானின் மகள் மே லிங்குக்கு இன்னும் ஐந்து வாரத்தில் பிரசவம்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாளைக்கே அரிசி போட்டால்தான் உண்டு. அதுவும் ஒரே தடவையில் சரியாக வரவேண்டும்.

"நான் ஒத்தாசை பண்றேன்" என்றேன். மன்னிப்பு என்ற சொல் எனக்குச் சட்டென்று வாயில் வராது.

லான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒத்தாசை இல்ல லா. ஊத்துன கைதான் மறுபடி போடணும். வேற கை போட்டா ஜாடி கோவிச்சிக்கும். எங்கம்மா அப்படித்தான் சொல்லும்."

நான் ஊறல் போடுவதா? அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை. கடைசியில் கலாவின் போனை வாங்கிக் குப்புவுக்குப் போட்டேன். குப்பு எங்கள் பதினோரு பேரில் ஒருத்தி, வாய் நீளம். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் கூடவே இருந்தார்கள்.

"இன்னாக்கா, ப்ளேன்ல போயி ஊறல் போடப்போறியா?" குப்பு சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "இங்க கவுத்ததெல்லாம் அங்க போட்டு நெரப்பறதுக்கா?"

"வெளயாடாதடி. சத்தியம் பண்ணிருக்கேன். உங்கள கேக்காம கை வெக்கமாட்டேன்."

"காச்சுவாங்களா அத?"

"காச்சமாட்டாங்களாம். பிழிஞ்சி கோழிக் கொழம்புல ஊத்துவாங்களாம்."

"யாரு குடிக்கறது?"

"பிள்ள பெத்தவ."

அங்கே களைக்கொத்துகள் நின்றுவிட்டன. என்னவோ பேசிக்கொண்டார்கள். பிறகு குப்பு வந்தாள். "ஆம்பளைக்கு ஒரு சொட்டு போவக்கூடாதுக்கா. பெத்தவளுக்குன்னா போடு, கன்னிமாருக்கு நாங்க சொல்லிக்கறோம். ஆனா ஒன்னு. கெடுத்துட்டு வந்துடாத. இந்தூருப் பொம்பளைங்களுக்குக் கவுக்கத்தான் தெரியும், ஆக்கத் தெரியாதுன்னு அந்தச் சீனாக்காரி சொல்லிடப்போறா."

அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வந்தது.

நாலாம் நாள். லான் முந்தின ராத்திரியே அரிசியை ஊறவைத்திருந்தாள். புளுட் என்று சொல்கிறார்கள். வெந்தால் ஒட்டிக்கொள்கிற அரிசி, பால்போல வெள்ளை. மூங்கில் கூடையில் ஆவி கட்டி வேகவைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனதும் லான் கூடையை இறக்கப் போனாள். நான் இரண்டு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினேன்.

"நடுவுல வெள்ள இருக்குது. இன்னும் வேவணும்."

"எனக்குத் தெரியாதா லா? நாப்பது வருசமா செய்றேன்."

"நீ நாப்பது வருசமா போடற. நான் அறுவது வருசமா நெல்லு அவிக்கறேன்."

அவளும் நசுக்கிப் பார்த்தாள். கூடையை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

ஜாடிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஈரக்கை படக்கூடாது, எண்ணெய்க்கை படக்கூடாது, பக்கத்தில் நின்று கெட்ட வார்த்தை பேசக்கூடாது, சண்டை போடவே கூடாது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் கஷ்டமாயிருந்தது. சோற்றை முறத்தில் பரப்பி ஆறவைக்கும்போது ஆறியது போதும் போதாது என்று பேச்சு வளர்ந்தது. "சண்டை போடணும்னா வாசலுக்கு வா லா" என்றாள். இரண்டு பேரும் வாசலுக்குப் போய்த் தெருவில் நின்று வேண்டியமட்டும் போட்டோம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் ஜாடிப் பக்கம் வந்தோம். அன்றைக்கு இரண்டு தடவை போய்வந்தோம்.

லான் எலுமிச்சங்காய் அளவு வெள்ளை உருண்டைகளை இடித்துப் பொடியாக்கினாள். அதுதான் அரிசியைப் புளிக்க வைக்கிற மருந்து. ஒரு அடுக்கு சோறு, அதன்மேல் ஒரு தூவல் பொடி, மறுபடி சோறு. என் கையால்தான் போட்டேன். நடுவில் குழி பறித்தேன். துணி கட்டினேன்.

வேலை செய்தபடியே லான் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த ஒயினில் மீனை வேகவைத்தால் கவிச்சி போய்விடும். முட்டையை நல்லெண்ணெயில் பொரித்து இதைக் கொஞ்சம் ஊற்றி, மழை நாளில் கிழவிகள் குடிப்பார்கள். பிழிந்த சக்கையில் இறைச்சி ஊறப்போடுவார்கள். முழங்கால் வலிக்குத் தேய்ப்பார்கள். செத்துப்போன பெரியவர்களுக்குக் குட்டிக் கோப்பைகளில் படைப்பார்கள். "எங்க ஊர்லயும் சாமிக்குப் படைப்பாங்க" என்றேன். "சாமி குடிச்சதவிட பூசாரி குடிச்சது ஜாஸ்தி." லான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? ஜாடியைச் சாக்கில் நிறுத்தி இழுத்துத் தன் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டாள். "உன் கை நல்ல கைதான் லா. ஆனா எனக்குப் பயமாருக்கு" என்றாள். என் முகத்துக்கு நேரே சொன்னாள். சுருக்கென்றுதான் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதால் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பின் நாலைந்து நாள் எனக்கு மகள், சமையல், துணி என்று போயிற்று. ஒரு நாள் நானே டவுன் பஸ் ஏறி ஈப்போ சந்தைக்குப் போனேன். இறங்கவேண்டிய இடத்தில் "நிறுத்துப்பா" என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பத்தில் இருக்கிற பித்தானை அமுக்கவேண்டுமாம். மூன்று ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தேன். சந்தையில் ஒரு சீனர் கடையில் பாட்டில் பாட்டிலாக அரிசி ஒயின், சமையலுக்கு என்று, எண்ணெய்க்கும் உப்புக்கும் பக்கத்தில் அடுக்கியிருந்தது. பெண்கள் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். காக்கி போட்ட போலீஸ்காரர் ஒருவர் பக்கத்துக் கடையில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் ஓடவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பத்து நிமிஷம் நின்று அதையே வேடிக்கை பார்த்தேன்.

ஜாடிக்கு ஒன்பதாம் நாள். ஒரு வாரமாக மழையில்லை, தகரக் கூரை அனலாகக் கக்கியது. பகல் பதினோரு மணி இருக்கும். துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றேன். லானின் சமையலறை ஜன்னலிலிருந்து வாசனை வந்தது. இனிப்புதான். ஆனால் அதன் அடியில் ஒரு ஊசி குத்துகிறது. அந்த ஊசி எனக்குத் தெரியும். வெயில் படுகிற பேரலில் அது முதலில் லேசாக வரும். மறுநாள் முழுதும் காடி.

போய்க் கதவைத் தட்டினேன். "லான், உன் ஜாடி கொதிக்குது."

"போ லா. அது நல்லாத்தான் இருக்கு."

"அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருக்கற. மேல தகரம். தொட்டுப் பாத்தியா?"

"நீ தொட்டா மறுபடி ஊத்திடுவே."

எனக்கு வந்ததே கோபம். "வாசலுக்கு வாடி!" என்றேன். வந்தாள். தெருவே பார்க்க நின்றோம். "உன் பொண்ணுக்குப் புளிச்ச தண்ணியத்தான் ஊத்துவியா? என்ன நம்பவேணாம், போ. உன் பொறங்கைய நம்பு. போயி ஜாடி மேல வச்சிப் பாரு. சூடில்லன்னா நான் இன்னிக்கே ஊருக்குப் போயிடறேன்!"

உள்ளே போனாள். பூட்டைத் திறக்கிற ஒலி கேட்டது. வந்து நின்றவளின் முகம் வெளுத்திருந்தது.

"காய்ச்சல் மாதிரி இருக்கு லா. கெட்டுப்போச்சா? இன்னொன்னு போட நாளே இல்ல."

உள்ளே போய்த் துணியை விலக்கி மோந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தேன். "இன்னும் கெடல. சாயங்காலத்துக்குள்ள குளுர வைக்கணும். ஐஸ் வைக்காத, செத்துப்பூடும். மணல் எங்க கெடைக்கும்?"

நாலு வீடு தள்ளி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். லான் போய்ச் சீனத்தில் என்னவோ சொல்லி, ஒரு தள்ளுவண்டி மணல் கொண்டுவந்தாள். பிள்ளைகள் குளிக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. அதைக் கொட்டகையில், எங்கள் சுவர் ஓரம் வெயிலே படாத மூலையில் போட்டோம். இரண்டு கிழவிகளும் ஜாடியை ஆளுக்கொரு பக்கம் அணைத்துத் தூக்கினோம். கலா ஊன்றுகோலோடு கதவில் நின்று, "பாத்து, பாத்து, ரெண்டு பேருக்கும் மாவுக்கட்டுப் போட என்னால ஆவாது" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஜாடியைத் தொட்டியில் நிறுத்தி, கழுத்துவரை மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றி நனைத்து, மேலே ஈரச்சாக்கு சுற்றினேன். ஓடைக்கரையில் அவர்கள் புதைக்கிற மாதிரியே.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லான்.

"போடறவன்கிட்டதான் கத்துக்கினேன். அவன் பொதச்சத நான் தோண்டுவேன். எங்க பொதச்சா கெடாதுன்னு தெரிஞ்சாத்தானே எங்க தோண்டணும்னு தெரியும்?"

அப்போதுதான் என் தம்பியின் கண்ணைப் பற்றியும் பதினோரு பேரைப் பற்றியும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மணலில் ஊற்றினாள். மூன்று நாள் மாறி மாறி ஊற்றினோம். மூன்றாம் நாள் அந்த ஊசி போயிற்று. காது வைத்துக் கேட்டேன். மெதுவாக, நிதானமாக, களக், களக் என்றது. ஜாடியை அதன்பிறகு அவள் உள்ளே கொண்டுபோகவில்லை.

ஜாடிக்கு இருபத்தொன்பதாம் நாள் மே லிங்குக்குப் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குக் காலை ஜாடியைத் திறந்தோம். அரிசி மிதந்து, கீழே தெளிந்த தண்ணீர் நின்றது. துணியில் கட்டிப் பிழிந்தோம். பழைய நெய்யின் நிறம்.

லான் ஒரு குட்டிக் கோப்பையில் ஊற்றி என் முன்னால் நீட்டினாள். "போட்டவதான் மொதல்ல குடிச்சுப் பாக்கணும்."

"நான் குடிக்கமாட்டேன்."

"ஒரு சொட்டு லா."

"ஒரு சொட்டும் குடிக்கமாட்டேன். நீ குடிச்சுப் பாரு."

"எனக்கு ஒரு வாரமா மாத்திரை. நாக்குல எல்லாம் கசக்குது. எனக்கு எப்படித் தெரியும்?" கோப்பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. உள்ளறையில் குழந்தை அழுதது.

கோப்பையை வாங்கினேன். மூக்குக்குக் கீழே வைத்தேன். அரிசி, கொஞ்சம் தேன், பழுத்த பலா. மறுபடி மோந்தேன். அடியில் ஏதாவது குத்துகிறதா என்று தேடினேன். மூன்றாம் தடவையும் தேடினேன்.

"சரியாருக்குது" என்றேன். "ஊத்து."

லான் என் முகத்தைப் பார்த்தாள். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கலாவைக் கூப்பிடவில்லை. அடுப்பில் நான் கொண்டுபோன நல்லெண்ணெயில் இஞ்சி வதங்கிக்கொண்டிருந்தது, கோழி வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. செம்பு நிறைய எடுத்துச் சட்டியில் ஊற்றினாள். ஆவி கூரைவரை போயிற்று. இஞ்சியும் எண்ணெயும் கோழியும் எங்கள் ஊர்ப் பத்தியத்திலும் உண்டுதான். ஆனால் இந்த வாசனை வேறு. நல்ல வாசனை. அதை மறைக்கமாட்டேன்.

பிள்ளை பெற்ற அறைக்குள் ஒரு மாதம் வெளியாளை விடமாட்டார்கள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன லான், கதவில் நின்று திரும்பி, "நீ ஏன் அங்கே நிக்கிறே? வா" என்றாள். போனேன்.

மே லிங் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். நெற்றியில் வேர்வை பூத்தது. கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவரை உறிஞ்சிவிட்டு, தாயிடம் சீனத்தில் ஏதோ சொன்னாள். லானின் முகம் கடுகடுவென்று ஆயிற்று.

"இன்னா சொல்லுது பொண்ணு?"

"மொதப் பிள்ளைக்குக் குடுத்ததவிட இது நல்லாருக்காம்" என்றாள் லான். "அது நான் போட்டது லா!"

மே லிங் காலிக் கிண்ணத்தை என்னைப் பார்த்து நீட்டினாள்.

மதியம் குப்புவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "இன்னாக்கா, கெட்டுதா?" என்றாள்.

"ரெண்டாங் கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிச்சா" என்றேன்.

குப்பு போனைக் கீழே இறக்கிவிட்டு, மரவள்ளிக் காடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "யேய், கேளுங்கடி! நம்மூரு ஊறல் கெடலயாம்டி!" அங்கே எழுந்த குலவையும் கூச்சலும் இங்கே என் காதைக் கிழித்தன.

"ஏய் குப்பு, மெதுவாடி" என்று நான் அதட்டினேன். "ரோட்டோரக் காடு அது. போலீசு காதுல வுழுந்துடப்போவுது!"